ஹூடினியும் டாயிலும்: 20 வருஷம் முந்திக்கொண்ட தொடர்

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் ஆவிகளை நம்பினார். கைவிலங்கு, இரும்புப் பெட்டி, சிறை அறை என்று எதில் போட்டுப் பூட்டினாலும் வெளியே வந்துவிடுகிற மேஜிக் கலைஞர் ஹாரி ஹூடினி நம்பவில்லை. தடயத்தை வைத்து உண்மையைப் பிடிக்கிற கதைகளை எழுதியவர் நம்புகிறார், கூட்டத்தின் கண்ணைக் கட்டுவதையே தொழிலாக வைத்திருந்தவர் மறுக்கிறார். இருவரும் நிஜ வாழ்க்கையில் நண்பர்கள், பிறகு விரோதிகள். திரைக்கதை எழுதுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டாலும் இப்படி ஒரு பொருந்தாத ஜோடி அகப்படுவது கஷ்டம்.

2016இல் வந்த 'ஹூடினி அண்ட் டாயில்' தொடருக்கு இந்த ஜோடி சும்மாவே கிடைத்தது. நடிகர்களும் நன்றாக அமைந்தார்கள். அப்படியும் பத்தே எபிசோடில் கதை முடிந்தது, இரண்டாவது சீசன் வரவே இல்லை. போதுமான பேர் பார்க்கவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு, அப்புறம் அந்த இரண்டு பேரின் நிஜக் கதையைப் படித்தால், கோளாறு முதல் காட்சிக்கு முன்பே தொடங்கிவிட்டது தெரியும். தொடர் நடக்கிற வருஷம் 1901. அந்த இருவரும் நிஜத்தில் சந்தித்தது 1920. நடுவில் இருக்கிற சுமார் 20 வருஷத்தில்தான் அவர்களை அவர்களாக ஆக்கிய எல்லாமே நடந்தது. தொடர் பெயர்களை வைத்துக்கொண்டு காரணங்களை விட்டுவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

முதலில் தொடரைப் பற்றி. டேவிட் ஹோசல்டன், டேவிட் டிச்சர் இருவரும் உருவாக்கியது. மேலே நின்று பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் 'ஹவுஸ்' தொடரைக் கொடுத்த டேவிட் ஷோர். அந்த மருத்துவர் ஹவுஸே ஹோம்ஸை வார்ப்பாக வைத்துச் செய்த பாத்திரம்தான், ஹோசல்டனும் அந்தத் தொடரில் எழுதியவர், ஆகவே ஹோம்ஸ் உலகம் இவர்களுக்குப் பழக்கப்பட்ட இடம். பிரிட்டன், கனடா, அமெரிக்கா மூன்றும் சேர்ந்த கூட்டுத் தயாரிப்பு. டாயிலாக ஸ்டீபன் மாங்கன், ஹூடினியாக மைக்கேல் வெஸ்டன். கூடவே அடிலெய்ட் ஸ்டிராட்டன் என்ற பெண் கான்ஸ்டபிளாக ரெபெக்கா லிடியார்ட்.

பிரிட்டனில் 2016 மார்ச் மாதம் ஐடிவி என்கோர் என்ற சேனலில் வந்தது. அது ஐடிவியின் கட்டணச் சேனல், 2014இல் தொடங்கி 2018இல் மூடப்பட்டது, பெரிய கூட்டம் பார்க்கிற இடமாக அது என்றுமே இருக்கவில்லை. அமெரிக்காவில் மே மாதம் ஃபாக்ஸில் வந்தது, அதாவது பெரிய தொடர்களெல்லாம் சீசனை முடித்துக்கொண்டு ஒதுங்குகிற நேரத்தில். இதைவிட முக்கியமாக, அதே ஃபாக்ஸ்தான் அந்த வருஷம் ஜனவரி, பிப்ரவரியில் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரை ஆறு எபிசோடுகளாகத் திரும்பக் கொண்டுவந்திருந்தது. நம்புகிறவர் ஒருவர், நம்பாதவர் ஒருவர், வாரம் ஒரு அமானுஷ்ய வழக்கு என்ற சூத்திரத்தை 1993இலேயே ஊருக்கெல்லாம் பழக்கிவிட்ட தொடர் அது. அதன் மறுவருகை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அதே சேனலில் அதே சூத்திரம், 1901ஆம் வருஷத்து உடையில்.

முதல் எபிசோட் ஒரு கன்னியர் மடத்தின் சலவைக்கூடத்தில் நடக்கிற கொலை. அங்கே இறந்துபோன பெண்ணின் ஆவிதான் பழிவாங்குகிறது என்று பேச்சு. அடுத்தது மறுபிறவி. அந்த எபிசோடின் பெயரிலேயே 'அதர்மா' என்ற சொல் வரும். பிறகு கையை வைத்து நோயைத் தீர்ப்பவர், லண்டன் கூரைகளில் தாவுகிற ஸ்பிரிங்-ஹீல்டு ஜாக், வேற்றுக்கிரகவாசிகள், ரத்தக்காட்டேரி (இதில் டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கரே வருவார்), இறந்தவர்களோடு பேச எடிசன் செய்த கருவி. ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகும்: டாயில் "ஆவியாக இருக்கலாமே" என்பார், ஹூடினி கிண்டல் செய்வார், பந்தயம் கட்டுவார்கள், கடைசியில் பெரும்பாலும் மனிதக் கையே காரணம் என்று தெரியவரும், அதற்குமேல் விளங்காத ஏதோ ஒரு துளி மட்டும் மிச்சம் வைக்கப்படும். யாருக்கும் முழுத் தோல்வி கிடையாது, முழு வெற்றியும் கிடையாது. அடுத்த வாரம் பழையபடி முதலிலிருந்து.

மாங்கனும் வெஸ்டனும் பேசிக்கொள்வதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாங்கனின் டாயிலிடம் ஒரு கனிவு உண்டு. நோயில் படுத்திருக்கும் மனைவியைப் பார்க்கிற காட்சிகளில் அவர் முகமே கதை சொல்லும். ஆனால் ஒரு கேள்விக்கு அந்தத் தொடரிடம் பதில் இல்லை: இந்த இரண்டு பேருக்கும் இது ஏன் இவ்வளவு முக்கியம்?

'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் மல்டர் நம்புவதற்குக் காரணம் காணாமல்போன தங்கை. அந்தக் காயம் முதல் எபிசோடிலேயே வந்துவிடும், எல்லா வழக்கும் அதைச் சுற்றித்தான் ஓடும். டாயிலுக்கும் ஹூடினிக்கும் அதைவிடக் கனமான காரணங்கள் நிஜத்திலேயே இருந்தன. 1901இல் அவை இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

1901இல் டாயிலுக்கு வயது 42. ஹோம்ஸை 1893இலேயே கதையில் கொன்றுவிட்டார். அதே வருஷம்தான் லண்டனில் இருந்த அமானுஷ்ய ஆராய்ச்சிச் சங்கத்தில் (சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச்) சேர்ந்தார். (சென்னைக்காரர்களுக்கு இந்தச் சங்கத்தோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1884 டிசம்பரில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை அந்தச் சங்கம் அடையாறுக்கு அனுப்பியது, பிரம்மஞான சபையில் மகாத்மாக்களிடமிருந்து வருவதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை விசாரிக்க. அவர் மாதக்கணக்கில் தங்கி விசாரித்துவிட்டு, 1885இல் வந்த அறிக்கையில், சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் செய்தது மோசடி என்று எழுதினார். அமானுஷ்ய விசாரணை என்ற வேலையின் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்று நம் அடையாற்றங்கரையில் நடந்தது.) ஆவி விஷயத்தில் டாயிலுக்கு அப்போது ஆர்வம் இருந்தது, நம்பிக்கை முற்றவில்லை. ஹூடினிக்கோ 27 வயது. முந்தின வருஷம்தான் லண்டன் அல்ஹாம்ப்ரா அரங்கில் கைவிலங்கைக் கழற்றிக் காட்டிப் பேர் வாங்கியிருந்தார். அவர் அம்மா உயிரோடு இருந்தார். ஆவி ஆட்களை அம்பலப்படுத்தும் எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், அதற்குச் சில வருஷம் முன்னால், 1890களின் கடைசியில், கையில் காசில்லாத காலத்தில், கன்சாஸ் பக்கம் ஒரு மருந்து வியாபாரக் குழுவோடு சுற்றிக்கொண்டு, அவரும் மனைவி பெஸ்ஸும் ஆவியோடு பேசுகிறவர்களாக மேடையில் நடித்துப் பணம் சம்பாதித்திருக்கிறார்கள். ஊருக்குப் போனதும் கல்லறைகளில் பெயர்களைப் படிப்பது, டீக்கடைப் பேச்சு மாதிரி ஊர்க்கதைகளைச் சேகரிப்பது, ராத்திரி மேடையில் அதையே இறந்தவர் சொன்னதாகச் சொல்வது. நம்பி அழுதவர்களின் முகங்களைப் பார்த்து, தான் செய்வது எவ்வளவு மோசமான காரியம் என்று பிற்காலத்தில் அவரே வருந்தி எழுதியிருக்கிறார். ஏமாற்றுகிறவனை அவரால் பார்த்ததுமே பிடிக்க முடிந்ததற்குக் காரணம் இந்த அனுபவம்.

பிறகு 1913 ஜூலை. ஹூடினி கோபன்ஹேகனில் இருக்கும்போது அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. படித்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். அந்தச் சாவிலிருந்து அவர் கடைசிவரை மீளவில்லை என்றுதான் அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவிடமிருந்து ஒரு சொல்லாவது வராதா என்று, இறந்தவர்களோடு பேசவைப்பதாகச் சொல்லும் மீடியம்களிடம் அவர் போனார். போன இடமெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது தான் கன்சாஸில் செய்த அதே வித்தை. அந்தக் கோபம் சாதாரணக் கோபம் கிடையாது.

டாயில் பக்கம் 1914இல் முதல் உலகப் போர் வந்தது. மைத்துனர் போனார், நெருங்கிய உறவில் இன்னும் சிலர் போனார்கள். மகன் கிங்ஸ்லி பிரான்ஸின் சொம் போர்க்களத்தில் காயம்பட்டு, 1918 அக்டோபரில் காய்ச்சலும் நிமோனியாவும் வந்து இறந்தார். நாலு மாதத்தில் தம்பி இன்னஸும் போய்விட்டார். மகன் இறந்த துக்கத்தில் டாயில் ஆவிகளை நம்பத் தொடங்கினார் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அவர் தன் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தது 1916இல், கிங்ஸ்லி உயிரோடு இருந்தபோதே. மகனின் சாவு அந்த நம்பிக்கையை ஊழியமாக மாற்றியது என்பதுதான் பொருத்தம். 1919இல் போர்ட்ஸ்மத்தில் ஒரு வேல்ஸ் மீடியம் நடத்திய அமர்வில் கிங்ஸ்லியின் குரலைக் கேட்டதாகவும், நெற்றியில் முத்தத்தை உணர்ந்ததாகவும் டாயில் சொன்னார். அதற்குப்பின் மீதி வாழ்நாள் முழுக்க, ஊர் ஊராக, நாடு நாடாகப் போய், போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் "உங்கள் பிள்ளை இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இதில் பணம் பண்ணவில்லை, சொந்தக் காசைத்தான் கொட்டினார்.

இந்த இரண்டு மனிதர்கள்தான் 1920இல் சந்தித்தார்கள். பிரிட்டனில் நிகழ்ச்சி நடத்த வந்த ஹூடினி தன் புத்தகம் ஒன்றை டாயிலுக்கு அனுப்ப, கடிதம் தொடங்கி, ஏப்ரலில் குரோபரோ ஊரில் இருந்த டாயில் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனார். ஒருவர் அம்மாவைத் தேடுகிறவர், இன்னொருவர் மகனைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பவர். தொடர் இங்கே தொடங்கியிருந்தால் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சி ஒன்றே போதும், பத்து எபிசோட் தானாக ஓடியிருக்கும்.

இவர்களுக்குள் நடந்ததில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது பலகைச் சம்பவம். ஹூடினியின் வக்கீல் பெர்னார்ட் எர்ன்ஸ்ட் பிற்காலத்தில் விவரித்தது இது. நியூயார்க் வீட்டில் ஹூடினி ஒரு சிலேட்டுப் பலகையைக் கம்பியில் கட்டி அறை நடுவே தொங்கவிட்டார். டாயிலிடம் தக்கை உருண்டைகளைக் கொடுத்து, இஷ்டப்பட்ட ஒன்றை எடுத்து வெள்ளை மையில் போடச் சொன்னார். பிறகு, "வெளியே எங்கே வேண்டுமானாலும் போய், யாரும் பார்க்காமல் ஒரு தாளில் எதையாவது எழுதி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். டாயில் தெருவில் நடந்துபோய், பைபிளில் சுவரில் தோன்றும் எழுத்தான "மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்" என்பதை எழுதிக்கொண்டு திரும்பி வந்தார். மையில் ஊறிய உருண்டையைக் கரண்டியால் எடுத்துப் பலகையில் வைக்கச் சொன்னார் ஹூடினி. உருண்டை பலகையில் ஒட்டிக்கொண்டு, தானே உருண்டு, அதே வார்த்தைகளை ஒவ்வொன்றாக எழுதியது.

டாயில் ஆடிப்போய்விட்டார். ஹூடினி சொன்னது இதுதான்: இது முழுக்க முழுக்க வித்தை, எப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதில் ஆவி எதுவும் இல்லை, ஆகவே இனிமேல் எதையாவது பார்த்தால் உங்களுக்கு விளக்கம் தெரியவில்லை என்பதற்காக உடனே அமானுஷ்யம் என்று முடிவு கட்டாதீர்கள். நண்பனுக்கு நண்பன் இதைவிட அக்கறையாக ஒன்றைச் சொல்ல முடியாது. டாயில் எடுத்துக்கொண்ட பாடமோ நேர் எதிர். ஹூடினிக்கு நிஜமாகவே ஆவி சக்தி இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் மறுக்கிறார் என்று நினைத்தார். ஹூடினி இறந்தபின் அதை அச்சிலும் எழுதினார்.

டாயிலை இதை வைத்து அசடு என்று நினைத்துவிட வேண்டாம். 1922 ஜூன் 2ஆம் தேதி நியூயார்க்கில் மேஜிக் கலைஞர்கள் சங்க விருந்தில், ஒரு முன்னுரையும் சொல்லாமல், டைனோசர்கள் சண்டை போடுகிற படத்துணுக்கு ஒன்றைத் திரையிட்டார். வில்லிஸ் ஓ'பிரையன் பொம்மைகளை அசைத்து எடுத்தது அது, டாயிலின் நாவலை வைத்துப் பிறகு 1925இல் வந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்துக்கான சோதனை. வித்தையே தொழிலாகக் கொண்ட அந்தக் கூட்டம் ஒரு ராத்திரி முழுக்கக் குழம்பியது. டாயில் அடுத்த நாள் ஹூடினிக்குக் கடிதம் எழுதி விஷயத்தை உடைத்தார். இருவரும் அந்த நாட்களில் அவ்வளவு நெருக்கம்.

சுமார் இரண்டு வாரத்தில் எல்லாம் கெட்டது.

அட்லாண்டிக் சிட்டியில் டாயில் குடும்பம் அம்பாசடர் ஹோட்டலில் தங்கியிருந்தது, ஹூடினியும் பெஸ்ஸும் பார்க்கப் போயிருந்தார்கள். டாயிலின் இரண்டாவது மனைவி ஜீன், ஆவி வந்து கையைப் பிடித்து எழுதவைக்கும் என்ற முறையில் எழுதுகிறவர். ஹூடினியின் அம்மாவை அழைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பெஸ் அறைக்குள் வரவில்லை. போகும் முன், முந்தின ராத்திரி ஜீனிடம் மாமியாரைப் பற்றித் தான் நிறையப் பேசியிருந்ததை, மேடையில் இருவரும் பயன்படுத்திவந்த சைகை மொழியில் பெஸ் தனக்குத் தெரிவித்ததாக ஹூடினி எழுதியிருக்கிறார். திரைச்சீலைகளை மூடினார்கள். ஜீன் பென்சிலால் மேசையைத் தட்டினார், தாளின் தலையில் ஒரு சிலுவை போட்டார், பிறகு கை வேகமெடுத்து எழுதத் தொடங்கியது. பக்கம் நிரம்ப நிரம்ப டாயில் கிழித்து ஹூடினியிடம் நீட்டினார். பதினைந்து பக்கம். அன்பு மகனே, கடைசியில் உன்னிடம் வந்துவிட்டேன் என்கிற தொனியில் ஒரு தாயின் கடிதம்.

ஹூடினி வெளுத்த முகத்தோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்று டாயில் பிறகு எழுதினார், அதை நம்பிக்கை வந்துவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். ஹூடினி மனதில் ஓடியது வேறு. அம்மா ஒரு யூத மதகுருவின் மனைவி, அவர் சிலுவை போட்டுக் கடிதத்தைத் தொடங்குவாரா? அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, பதினைந்து பக்கமும் நல்ல ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜூன் 17 அம்மாவின் பிறந்தநாள், அமர்வு நடந்ததும் அதை ஒட்டித்தான், ஆனால் அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. டாயிலிடம் இதற்கெல்லாம் பதில் இருந்தது: சிலுவை என் மனைவி எப்போதும் போடுவது, மொழியை மீடியத்தின் மனம் மாற்றிக்கொள்ளும், பிறந்தநாளெல்லாம் அந்த உலகத்தில் ஒரு பொருட்டா?

அந்த அறையிலேயே இன்னொன்றும் நடந்தது. ஹூடினி பென்சிலை வாங்கிச் சும்மா 'பவல்' என்று எழுதினார். டாயில் துள்ளி எழுந்தார், ஏனென்றால் எல்லிஸ் பவல் என்ற அவர் நண்பர் அப்போதுதான் இங்கிலாந்தில் இறந்திருந்தார். ஹூடினி நினைத்ததோ தன் தொழில் நண்பரான பிரெடரிக் யூஜீன் பவல் என்ற மேஜிக் கலைஞரை. டாயில் இந்த விளக்கத்தை ஏற்கவே இல்லை. இந்த ஒரு சின்ன விஷயத்தில் இருவரும் எப்படி யோசிப்பவர்கள் என்பது அப்படியே தெரிந்துவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள், ஹூடினி என்ன செய்வது? இது பொய் என்று சொன்னால் நண்பனின் மனைவியைப் பொய்யர் என்று சொன்னதாகிறது. சொல்லாவிட்டால் அம்மாவின் பெயரில் வந்த பொய்யை ஒத்துக்கொண்டதாகிறது. மாதக்கணக்கில் சும்மா இருந்தார். பிறகு அந்த வருஷக் கடைசியில் பத்திரிகையில், இதுவரை தன்னை நம்பவைக்கும் எதையும் பார்க்கவில்லை என்று எழுதினார். டாயிலுக்கு அது அவமானம். கடிதங்களில் மரியாதை குறைந்து, பத்திரிகைகளில் மோதல் வளர்ந்து, 1924 வாக்கில் நட்பு முறிந்தது. தொடரில் வருகிற பந்தயங்களிலும் சீண்டல்களிலும் இந்த வலியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வழக்கு விசாரணைதான் வேண்டும், துப்பறிவுதான் வேண்டும் என்றால் அதற்கும் கற்பனை தேவைப்பட்டிருக்காது. 1922 டிசம்பரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை, அசல் ஆவிப் புகைப்படத்துக்கு 2,500 டாலர், கண்ணெதிரே நடத்திக்காட்டும் நிகழ்வுக்கு 2,500 டாலர் என்று பரிசு அறிவித்தது. விசாரணைக் குழுவில் ஹார்வர்டின் வில்லியம் மெக்டூகல் போன்றவர்களோடு ஹூடினியும் இருந்தார். பரிசை நெருங்கியவர் பாஸ்டனைச் சேர்ந்த மினா கிராண்டன், 'மார்ஜரி' என்ற பெயரில் பிரபலமானவர், ஒரு அறுவை மருத்துவரின் மனைவி. டாயில் அவரை முழுக்க நம்பினார்.

1924 ஜூலை 23, லைம் தெருவில் அவர்கள் வீடு. இருட்டறை. மேஜையடியில் ஒரு மணிப்பெட்டி, மேல்மூடியை அழுத்தினால் மணி அடிக்கும். மீடியத்தின் காலோடு கால் ஒட்டியபடி ஹூடினி உட்கார்ந்திருக்கிறார், கால் நகர்ந்தால் தெரியவேண்டும் என்பதற்காக. இதற்காகவே அவர் அன்று பகல் முழுக்க முழங்காலுக்குக் கீழே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவைத்திருந்தார். கட்டை அவிழ்த்ததும் அந்த இடம் லேசாகத் தொட்டாலே துடிக்கிற அளவுக்கு வீங்கி, உணர்ச்சி கூடியிருந்தது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார். மார்ஜரியின் கணுக்கால் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி விலகுவதும் மணி அடிப்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஒரு ஊதுகுழல் ஒலிபெருக்கி அந்தரத்தில் மிதப்பதாகவும், எந்தப் பக்கம் எறியட்டும் என்றும் ஆவிக்குரல் கேட்டது. "என் பக்கம்" என்றார் ஹூடினி, காலடியில் வந்து விழுந்தது. கைகால் எல்லாம் பிடியில் இருக்க, அதை மார்ஜரி தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்து வைத்திருந்து தலையை ஆட்டி எறிந்திருக்கவேண்டும் என்பது ஹூடினியின் முடிவு.

ஆகஸ்டில் மார்ஜரியை உட்காரவைக்க ஹூடினி ஒரு மரப்பெட்டியே செய்துகொண்டுவந்தார். தலையும் கையும் மட்டும் வெளியே தெரியும். அதற்குள்ளிருந்து ஒரு மடக்கு அளவுகோல் கிடைத்தது. மார்ஜரிதான் ஒளித்துக் கொண்டுவந்தார் என்றார் ஹூடினி, மாட்டிவிடுவதற்காக ஹூடினியே போட்டார் என்றது எதிர்த்தரப்பு. யார் போட்டது என்று இன்றுவரை அடித்துச் சொல்ல முடியவில்லை. பரிசு கொடுக்கப்படவில்லை, 1925இல் கதவு மூடப்பட்டது. உண்மையின் பக்கம் நிற்பவர், அதை நிரூபிக்க ஒரு பொய் செய்திருப்பாரோ என்ற சந்தேகம், எந்த எழுத்தாளருக்கும் பொக்கிஷம். தொடரில் ஹூடினிக்கு இப்படி ஒரு நெருக்கடியே வருவதில்லை.

டாயில் பக்கம் காட்டிங்லி தேவதைகள். எல்சி, பிரான்சிஸ் என்ற இரண்டு சிறுமிகள் 1917இல் எடுத்த, இறக்கை முளைத்த குட்டித் தேவதைகளின் புகைப்படங்கள். அவற்றை முதலில் கையிலெடுத்தது லண்டன் பிரம்மஞான சபைக்காரரான எட்வர்ட் கார்ட்னர், அவர் மூலமாகத்தான் டாயில் கைக்கு வந்து 1920இல் 'ஸ்டிராண்ட்' இதழில் கட்டுரையாக வெளியானது. புத்தகத்திலிருந்து பார்த்து வரைந்து வெட்டிய அட்டைகளைத் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திவைத்தோம் என்று அந்த ஒன்றுவிட்ட சகோதரிகள் ஒப்புக்கொண்டது 1980களில், பாட்டிகளாக ஆனபின். உண்மையைச் சொல்ல ஏன் இத்தனை காலம் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, டாயில் மாதிரி ஒரு மனிதர் நம்பிவிட்ட பிறகு சொல்லச் சங்கடமாக இருந்தது என்பது. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு முழு எபிசோட் இருக்கிறது.

அடிலெய்ட் ஸ்டிராட்டன் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது இதுதான். 1901இல் லண்டனில் பெண் போலீஸே கிடையாது. கைதுசெய்யும் அதிகாரத்தோடு ஒரு பெண் பிரிட்டனில் வேலைக்கு வந்தது 1915இல், கிராந்தம் நகரில், எடித் ஸ்மித். லண்டன் பெருநகரப் போலீஸ் பெண்களை எடுத்தது 1919இல். சரி, கதைக்காகச் செய்தார்கள், தப்பில்லை, லிடியார்ட் நன்றாகவும் நடித்தார். ஆனால் ஹூடினியோடு வேலை செய்த ஒரு பெண் புலனாய்வாளர் நிஜத்திலேயே இருந்தார்! ரோஸ் மேக்கன்பெர்க், புரூக்ளின்காரர், தனியார் துப்பறிவாளராகத் தொழில் செய்தவர். ஹூடினி ஒரு ஊருக்கு நிகழ்ச்சிக்கு வருவதற்குச் சில நாள் முன்பே இவர் போய் இறங்கிவிடுவார். கணவனை இழந்தவராக, பிள்ளையைப் பறிகொடுத்தவராக, பட்டிக்காட்டு டீச்சராக வேஷம் போட்டு உள்ளூர் மீடியம்களிடம் போவார். கல்யாணமே ஆகாத அவருக்கு இறந்த கணவர்களிடமிருந்து செய்தி வரும். காசு கொடுத்து ஆவியுலகச் சபைகளில் போதகராகப் பட்டமும் வாங்கியிருக்கிறார், ஒரு தடவை இல்லை, பல தடவை. அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று எஃப். ராட், சேர்த்துப் படித்தால் ஃபிராட், மோசடி. மீடியம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் சேகரித்த குறிப்புகளை வைத்து ஹூடினி மேடையில் பேர் சொல்லி அம்பலப்படுத்துவார்.

1926இல் வாஷிங்டனில், பணம் வாங்கிக் குறிசொல்வதைத் தடைசெய்யும் மசோதா விசாரணைக்கு வந்தபோது ஹூடினி சாட்சி சொன்னார், ரோஸும் சொன்னார். வெள்ளை மாளிகையில்கூட ஆவி அமர்வு நடக்கிறது என்று ஒரு மீடியம் தன்னிடம் சொன்னதாக ரோஸ் சொல்ல, அவையில் பெரிய அமளி. மசோதா நிறைவேறவில்லை. அந்த அக்டோபர் 31இல் டெட்ராய்ட் மருத்துவமனையில் ஹூடினி இறந்தார், குடல்வால் வெடித்து. ரோஸ் அதற்குப்பிறகும் பல வருஷம் அதே வேலையைத் தனியாகத் தொடர்ந்தார்.

எடிசன் எபிசோடைப் பார்த்தாலும் இதே கதைதான். இறந்தவர்கள் தொடர்புகொள்ள ஒரு கருவி பற்றி எடிசன் பேட்டி கொடுத்தது 1920இல், அதுவும் போருக்குப் பிந்தைய துக்கம் நாடுகளை மூடியிருந்தபோது. தொடருக்குத் தேவையான எல்லாம் 1920களில் வரிசையாகக் காத்திருந்தது, இவர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்து 1901க்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விக்டோரியா மகாராணி இறந்த வருஷம், குதிரை வண்டி, வாயு விளக்கு, பனிமூட்டம், ஹோம்ஸ் வாசகர்களுக்குப் பழகிய லண்டன் என்ற ஈர்ப்பு புரிகிறது. விற்கச் சுலபம்.

ஃபாக்ஸ் அடுத்த வருஷமே, 2017 அக்டோபரில், 'கோஸ்டட்' என்று இன்னொரு பொருந்தாத ஜோடியைக் கொண்டுவந்தது. வேற்றுக்கிரகவாசிகள் மனைவியைத் தூக்கிப்போய்விட்டார்கள் என்று நம்பும் விஞ்ஞானியாக ஆடம் ஸ்காட், நம்பாத முன்னாள் போலீஸாக கிரெய்க் ராபின்சன். நடுவழியில் ஷோரன்னரை, அதாவது தொடரை நடத்தும் தலைமை எழுத்தாளரை, மாற்றி, தொடரையே அலுவலக நகைச்சுவைப் பக்கம் திருப்பி, பதினாறு எபிசோடில் அதுவும் முடிந்தது. நல்ல நடிகர்கள் இரண்டு பேர், நம்பிக்கை ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம், இது போதும் என்ற கணக்குத்தான் அங்கேயும்.

டாயில், ஹூடினி கதையை மறுபடி எடுக்க யாராவது துணிந்தால், 1920 ஏப்ரலில் குரோபரோ வீட்டில் தொடங்கட்டும். மூன்றாவது ஆளாக ரோஸ் மேக்கன்பெர்க்கை வைக்கட்டும். அட்லாண்டிக் சிட்டி அறையை நடுவில் வைத்து, லைம் தெருவுக்குப் போய், வாஷிங்டன் விசாரணையில் முடிக்கட்டும். எட்டு எபிசோட் தாராளம், இரண்டாவது சீசன் கேட்கவே வேண்டாம்.